ஈரக் கரையில் மரச்சாமானுக்கு எந்தப் பூச்சு?

கொச்சி நகரின் பள்ளுருத்திக்குக் கிழக்கே வேம்பநாட்டுக் காயல், மேற்கே சற்றுத் தொலைவில் அரபிக்கடல், வடக்கே தோப்பும்படியைத் தாண்டினால் மட்டாஞ்சேரி. கொச்சியில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும். அந்த நான்கு மாதமும் கொடியில் போட்ட துணி காய்வதே பெரும்பாடு. துணியை நனைத்து வைக்கும் அதே காற்றில்தான் வீட்டுக்குள் கட்டிலும் அலமாரியும் சாப்பாட்டு மேசையும் நிற்கின்றன. அவற்றுக்குப் பூச்சு வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் கேட்கிறார்கள்: எது அதிகம் பளபளக்கும், எது அதிக வருஷம் தாங்கும்? மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. இந்தப் பூச்சு கெட்டுப்போகும் நாளில் அதை எப்படிச் சரிசெய்வது? ஈரமான கடற்கரை ஊரில் இந்த மூன்றாவது கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்தப் பூச்சானாலும் இங்கே ஒருநாள் தோற்கும். தோற்ற இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்ய முடிகிற பூச்சு, மரச்சாமானைப் பேரப்பிள்ளை காலம்வரை கொண்டுபோகும்.

இந்த வாதத்தின் அடிப்படை மரத்தின் இயல்பில் இருக்கிறது. அறுத்து, உலர்த்தி, இழைத்து, கூட்டிச் சேர்த்த பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை ஏற்பதையும் விடுவதையும் நிறுத்துவதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் அதன் உலர் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் நீர் இருக்கும். மழைக்காலத்தில் ஈரப்பதம் 85 சதவீதத்தில் வாரக்கணக்கில் நின்றால், மரத்துக்குள் இருக்கும் நீர் 17, 18 சதவீதத்துக்கு ஏறும். நீளவாக்கில் மரம் கிட்டத்தட்ட அசையாது, அகலவாக்கில் விரியும். மற்ற மரங்களோடு ஒப்பிட்டால் மிகக் குறைவாக அசைவது என்று பெயர் பெற்ற தேக்கிலேயே, ஓர் அடி அகலப் பலகை இந்த இரண்டு நிலைகளுக்கு நடுவில் சுமார் 3 மில்லிமீட்டர் மாறக்கூடும். ஜூலையில் இழுப்பறை இறுகிக்கொள்வதும், ஜனவரியில் அதே இழுப்பறை லொடலொடவென்று ஆடுவதும் இதனால்தான். இறுகிய இழுப்பறையின் ஓரத்தை ஆசாரி மழைக்காலத்தில் இழைத்து விடுகிறார். அந்த இழைத்த ஓரத்துக்குப் பூச்சு கிடையாது. அடுத்த மழையில் அந்த வெற்று மரம் இன்னும் வேகமாக ஈரத்தைக் குடிக்கிறது. இப்போது குளிர்சாதனம் வேறு வந்துவிட்டது. அது ஓடும் அறையில் ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு இறங்கும். அணைத்து ஜன்னலைத் திறந்தால் மறுபடியும் 85. முன்பு பருவத்துக்கு ஒருமுறை அசைந்த மரம் இப்போது அடிக்கடி அசைகிறது. மேலே ஒட்டியிருக்கும் பூச்சும் அதனோடு அசைந்தாக வேண்டும். முடியாதபோது வெடிக்கும், அல்லது உரியும்.

நல்ல பூச்சு போட்டால் ஈரம் உள்ளே வராதே என்று கேட்கலாம். இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் 1910 முதல் இயங்கும் அரசு வனப்பொருள் ஆய்வகம், பல்வகைப் பூச்சுகள் பூசிய மரத்துண்டுகளை 90 சதவீத ஈரப்பதத்தில் வைத்து, எது எவ்வளவு ஈரத்தைத் தடுக்கிறது என்று அளந்து 1985இல் வெளியிட்டது. நீராவியை முழுதாகத் தடுத்த பூச்சு ஒன்றுகூட இல்லை. பாரஃபின் மெழுகும் இரு பாக எபாக்சியும் முன்னணியில் நின்றன. ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்த்த மரம், ஒன்றுமே பூசாத மரத்தைப் போலத்தான் ஈரத்தை ஏற்றது. பழமையானது என்று பலர் ஒதுக்கும் அவலரக்கு (ஷெல்லாக்) பூச்சு, தொழிற்சாலைகள் விரும்பும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரைவிட ஈரத்தைக் கூடுதலாகத் தடுத்தது. இதிலிருந்து கிடைக்கும் முடிவு இதுதான்: பூச்சு ஈரத்தின் வேகத்தைக் குறைக்கிறது, ஈரத்தை நிறுத்துவதில்லை. ஆகவே மேசையின் மேற்பக்கத்துக்கு மூன்று கோட் அடித்துவிட்டு அடிப்பக்கத்தை வெறுமனே விடுவது பெரிய தவறு. ஒரு பக்கம் மெதுவாகவும் மறுபக்கம் வேகமாகவும் ஈரம் ஏறினால் பலகை வளைந்தே தீரும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கம், பின்பக்கம், பலகையின் குறுக்கு வெட்டு முனைகள் ஆகியவற்றுக்கும் அதே எண்ணிக்கையில் கோட் வேண்டும். குறுக்கு வெட்டு முனைக்கு ஒரு கோட் கூடுதலாகவே வேண்டும். மரம் ஈரத்தை அதிகம் உறிஞ்சும் இடம் அதுதான்.

இந்தக் கரையில் பழைய மரவேலைகள் நிலைத்த விதமும் இதையே காட்டுகிறது. மட்டாஞ்சேரி அரண்மனையைப் போர்ச்சுக்கீசியர் கட்டி, 1555 வாக்கில் கொச்சி அரசர் வீர கேரள வர்மாவுக்கு அளித்தார்கள். 1663க்குப் பிறகு டச்சுக்காரர்கள் செப்பனிட்டதால் டச்சு அரண்மனை என்றும் பெயர் பெற்றது. அதன் செதுக்குவேலை கொண்ட மரக்கூரைத் தளம் இன்றும் பார்க்கக் கிடைக்கிறது என்றால், அதற்கு முதல் காரணம் நல்ல மரமும், சரிந்த ஓட்டுக்கூரையும், காற்றோட்டமும். தண்ணீரிலேயே கிடக்கும் நாட்டுவள்ளங்களுக்கு இந்த உதவி எதுவும் இல்லை. கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டும் கெட்டுவள்ளத்துக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுத்த கருநிற எண்ணெயைப் பூசுகிறார்கள். மீன் எண்ணெயும் இந்தக் கரையில் வள்ளங்களுக்குப் பூசிவந்த பொருள்தான். முந்திரி ஓட்டு எண்ணெய் தோலைப் புண்ணாக்கும் என்பதால் வீட்டு நாற்காலிக்கு உதவாது. ஆனால் வள்ளக்காரர்களின் அணுகுமுறை நமக்கு உதவும். ஒருமுறை பூசியதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் இருப்பதில்லை. வள்ளத்தைக் கரையேற்றி, உலர்த்தி, சுரண்டி, மறுபடி பூசுகிறார்கள். பழைய பூச்சின் மேலேயே புதியது ஒட்டும். நீருக்கு நடுவில் வாழ்கிறவர்கள் புதுப்பிக்கக் கூடிய பூச்சையே நம்பினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இன்று கடையில் கிடைக்கும் பூச்சுகளை இந்தக் கோணத்தில் பார்த்தால் அவை இரண்டு குடும்பங்களாகப் பிரிகின்றன. முதல் குடும்பத்தில் கரைப்பான் ஆவியாகிப் போனதும் பிசின் மட்டும் மரத்தின் மேல் தங்குகிறது. ஸ்பிரிட்டில் கரையும் அவலரக்கும், தின்னரில் கரையும் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் இவ்வகை. எத்தனை ஆண்டு கழித்தும் அதே கரைப்பானைத் தொட்டால் மீண்டும் இளகும். புதிய கோட் பழைய கோட்டோடு கரைந்து ஒன்றாகிவிடும். இரண்டாவது குடும்பத்தில் பூச்சு காயும்போதே வேதிவினை நடந்து இறுகிவிடுகிறது. எண்ணெய் வார்னிஷ், மெலமைன், பி.யு. எனப்படும் பாலியூரித்தேன் ஆகியவை இவ்வகை. இறுகிய பிறகு சாதாரண ஸ்பிரிட்டோ தின்னரோ எளிதில் கரைக்காது. அதனால் கறையையும் கீறலையும் நன்றாகத் தாங்கும். அதே காரணத்தால் புதிய கோட் பழையதோடு கரைந்து சேராது. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பிடிக்கும். வீட்டில் உள்ள பழைய சாமானில் எந்தப் பூச்சு இருக்கிறது என்று தெரியாவிட்டால், கண்ணில் படாத அடிப்பகுதியில் ஸ்பிரிட் தொட்ட துணியை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அவலரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் இரண்டாவது குடும்பம். மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய அலமாரி வாங்குகிறவர்கள், அதற்கு மேல் எதையும் பூசுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்தால் பெரும் நஷ்டம் தவிரும்.

அவலரக்கு நம் நாட்டுப் பொருள். புரசு, இலந்தை போன்ற மரங்களின் இளங்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுரண்டி, கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக்கி உடைத்தால் அவலரக்கு. சார்க்கண்டும் சத்தீஸ்கரும் இதில் முன்னணியில் உள்ளன. இதற்காகவே ராஞ்சிக்கு அருகில் நாம்குமில் 1924இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. மருந்து மாத்திரைகளுக்கு மேலுறையாகவும் பயன்படும் அளவுக்குப் பாதுகாப்பானது. எந்த மரத்திலும் பிடிக்கும். எண்ணெய்ப் பசையுள்ள தேக்கிலும் ஈட்டியிலும்கூடத் தயங்காது. ஆனால் குறையை மறைத்துப் பேசக் கூடாது. சூடான பாத்திரம் வைத்தால் தடம் விழும். தண்ணீர் தேங்கினால் வெண்வளையம் பூக்கும். சாராயம் சிந்தினால் கரையும். மழைநாளில் பூசினால் பூச்சே வெளுத்துப்போகும். இந்த வெளுப்புக்குக் காரணம் இருக்கிறது: ஸ்பிரிட் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு குளிர்கிறது, ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிர்ச்சியில் நீர்த்துளியாக மாறிப் பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. லாக்கரிலும் இதே கோளாறு வரும். பள்ளுருத்தி போன்ற ஊரில் பாலிஷ் வேலையை டிசம்பர் முதல் மார்ச் வரை வைத்துக்கொள்வதும், அந்த மாதங்களிலும் காலைப் பனி விலகிய பிறகு தொடங்கிச் சாயங்காலத்துக்கு முன் நிறுத்துவதும் இதனால்தான் அவசியம். வெளுத்த இடத்தையும் வெண்வளையத்தையும் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் விரைந்து ஒரு வீச்சு வீசினால் பெரும்பாலும் மறைந்துவிடும். குறை எளிதில் வருகிறது; எளிதில் போகவும் செய்கிறது.

பூசும் முறையில் பொறுமைதான் பாதி வேலை. உப்புத்தாளை 80 அல்லது 120ஆம் எண்ணில் தொடங்கி, 180, 220 என்று ஏற வேண்டும். எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் பூச்சு போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. தூசியைத் துடைத்ததும் ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 முதல் 200 கிராம் அவலரக்கு சேர்த்து, ஓர் இரவு ஊறவைத்து, வடிகட்டிய கரைசலைப் பயன்படுத்தலாம். தேவைக்கு மட்டும் கரைக்க வேண்டும். பல மாதம் பாட்டிலில் கிடந்த கரைசல் சரியாகக் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் பொதிந்து, கரைசலைப் பஞ்சுக்குள் ஊற்றிப் பிழிந்து, பலகையின் மேல் நிற்காமல் ஓட்ட வேண்டும். பொதி ஓரிடத்தில் ஒரு நொடி நின்றாலும் அடியிலுள்ள கோட் இளகிப் பெயரும். பொதி இழுத்தால் ஆளிவிதை எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். கெட்டியாக இரண்டு கோட் போடுவதைவிட மெல்லியதாக எட்டுப் பத்து கோட் போடுவது நல்லது. நடுவில் ஒருமுறை 320ஆம் எண் தாளால் மெதுவாகத் தடவிவிட்டால் எழும்பிய நார்கள் அடங்கும். இவ்வளவு நேரமும் கதவு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அடுப்போ பீடி நெருப்போ அருகில் இருக்கக் கூடாது.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். முதலாவது வலுவானது: பி.யு. பல ஆண்டுகள் அசையாமல் இருக்கும்போது, அடிக்கடி தொட்டுச் சரிசெய்ய வேண்டிய பூச்சு எதற்கு? சாப்பாட்டு மேசை, சமையலறை அலமாரி, படிக்கட்டின் மிதிப்பலகை ஆகியவற்றுக்கு இந்த வாதம் சரி. சூடும் நீரும் எண்ணெயும் தினமும் படும் இடத்தில் இறுகும் வகைப் பூச்சுதான் வேண்டும். மற்ற சாமான்களுக்கு அது எப்படித் தோற்கிறது என்று பார்க்க வேண்டும். அசையும் மரத்தின் இணைப்புகளில் முதலில் மயிரிழை வெடிப்பு விழுகிறது. அதன் வழியே புகுந்த ஈரம் படலத்துக்கு அடியில் பரவி, அதை மரத்திலிருந்து தூக்குகிறது. வெள்ளைத் திட்டு தெரியும்போது வெளியிலிருந்து எதுவும் செய்ய முடியாது. அந்தப் பலகை முழுவதையும் வெற்று மரம்வரை தேய்த்துத்தான் மீண்டும் பூச வேண்டும். தேக்கிலும் ஈட்டியிலும் இந்த அபாயம் அதிகம், ஏனென்றால் அவற்றின் இயற்கைப் பசை இவ்வகைப் பூச்சு இறுகுவதையும் ஒட்டுவதையும் கெடுக்கும். பி.யு.தான் வேண்டும் என்றால், பூசுவதற்குச் சற்று முன் தின்னரால் துடைத்துப் பசையை எடுக்க வேண்டும். அல்லது மெழுகு நீக்கிய அவலரக்கை முதல் கோட்டாகப் போட்டு அதன் மேல் பி.யு. பூசலாம். மெழுகு நீக்காத அவலரக்கின் மேல் பி.யு. பிடிக்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

தேக்குக்குப் பூச்சே வேண்டாம், எண்ணெய் தடவினால் போதும் என்பது இரண்டாவது எதிர்வாதம். தேக்கைக் கரையான் எளிதில் தொடாது என்பது உண்மை. காரைக்குடி வட்டாரத்தின் செட்டிநாட்டு வீடுகளில் பர்மா தேக்குத் தூண்கள் கம்பீரமாக நிற்பதையும் சான்றாகக் காட்டலாம். ஆனால் அந்தச் சீமையில் பெய்யும் மழை கொச்சி மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். அங்கே செல்லுபடியானது இங்கே அப்படியே செல்லாது. ஆளிவிதை எண்ணெய் நீராவியைத் தடுப்பதில்லை என்பதை முன்பே பார்த்தோம். ஈரமான, காற்றோட்டமில்லாத அறையில் அது பூஞ்சைக்கு உணவாகவும் ஆகிறது. மழைக்காலத்தில் அலமாரியின் பின்பக்கம் சாம்பல் பூத்தது போல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னோர் ஆபத்தும் உண்டு. இந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது வெப்பம் உண்டாகிறது. எண்ணெய் நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற முடியாமல் அவை தானாகவே தீப்பிடிக்கக்கூடும். பயன்படுத்திய துணியை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

கையால் பாலிஷ் போடுகிறவர்கள் இப்போது கிடைப்பதில்லை, கூலியும் அதிகம் என்பது மூன்றாவது எதிர்வாதம். ஸ்பிரே துப்பாக்கியால் ஒரே நாளில் முடிகிற வேலைக்கு நான்கு நாள் கூலி கொடுக்க வேண்டியிருப்பது உண்மைதான். ஆனால் கணக்கை ஒரு நாளோடு முடிக்கக் கூடாது. ஸ்பிரே செய்த கட்டிலில் ஒரு கால் மட்டும் உரிந்தாலும் கம்பிரசரும் ஆளும் திரும்ப வர வேண்டும். அரக்குப் பூச்சில் அந்த இடத்தை வீட்டுக்காரரே ஒரு மாலையில் சரிசெய்யலாம். கூலியில் மிச்சம் பிடித்த தொகை முதல் பழுதிலேயே போய்விடும். வேலை செய்கிறவரின் உடம்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். இரு பாக பி.யு.வின் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட், ஸ்பிரே செய்யும்போது நுரையீரலில் புகுந்து தீராத ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. அமிலம் சேர்த்து இறுக்கும் மெலமைன், காயும்போது ஃபார்மால்டிஹைடை வெளியிடுகிறது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது இவற்றுக்குப் பாதுகாப்பாகாது. முறையான முகமூடியும் காற்றோட்டமும் வேண்டும். வேலை கொடுப்பவர் அதைக் கேட்டு வாங்கித் தர வேண்டும். பழைய பெயின்டைச் சுரண்டுகிறவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை: இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். அதற்கு முன் அடித்த பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல் ஈரத்தாளால் தேய்க்க வேண்டும். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே கூடாது.

ரப்பர் மரத்தைத் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் விலை குறைந்த சாமான்களில் பெரும்பகுதி இப்போது அதில்தான் வருகிறது. இயற்கையில் அதற்கு எதிர்ப்புச் சக்தியே கிடையாது. வெட்டிய சில நாளில் நீலம் பாய்ந்துவிடும், துளைப்பான் பூச்சி விழுந்துவிடும். கொச்சி வெலிங்டன் தீவில் உள்ள, 1957இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், ரப்பர் மரத்தை ரசாயனம் ஏற்றிப் பதப்படுத்தி மீன்பிடி வள்ளமே செய்து காட்டியது. மரத்தின் ஆயுளை உள்ளே ஏற்றிய மருந்துதான் காப்பாற்றுகிறது. மேலே பூசுவது அதற்குத் துணை மட்டும். வீட்டுச் சாமானுக்கு ஏற்றும் போரான் உப்பு நீரில் கரைந்து வெளியேறக்கூடியது என்பதால், ரப்பர் மரத்தில் மட்டும் எல்லாப் பக்கமும் அடைத்து மூடும் இறுகிய பூச்சு பொருத்தமானது. அதை ஈரத்தரையில் நேராக நிறுத்தவும் கூடாது. திண்ணையிலும் மாடியிலும் வெயில் படும்படி இருக்கும் சாமானுக்கு எந்தத் தெளிவான பூச்சும் நிற்காது. சூரிய ஒளி பூச்சை ஊடுருவி, அதற்கு அடியிலுள்ள மரத்தின் மேல்தோலைச் சிதைத்துவிடும். அங்கே நிறமுள்ள பெயின்ட்தான் சரி.

ஆகவே தேர்வு இப்படி அமையட்டும். சாப்பாட்டு மேசைக்கும் சமையலறைக்கும் ரப்பர் மரச் சாமானுக்கும் இறுகும் வகைப் பூச்சு. வெளித்திண்ணைக்குப் பெயின்ட். தேக்கு, ஈட்டி, பலா, அயினி ஆகியவற்றால் செய்து வீட்டுக்குள் இருக்கும் கட்டில், அலமாரி, பெட்டி, சாய்வு நாற்காலி அனைத்துக்கும் அரக்கு. மழைக்கு முன், மார்ச் முடிவதற்குள் ஒருமுறை எல்லாவற்றையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வைத்து, அடியும் பின்னும் பார்த்து, வெளிறிய இடத்துக்கு ஒரு கோட் கொடுங்கள். பூச்சு வாங்கும்போது கடைக்காரரிடம் எத்தனை வருஷம் தாங்கும் என்று கேட்பதற்கு முன்னால், கெட்டுப்போனால் நானே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள்.